ஆறாம் நம்பர் போர்டு

1

ஹாரன் அடிக்கவில்லை.

புத்தம் புது பைக். சீட்டின் பாலிதீன் உறையைக்கூட இன்னும் உரிக்கவில்லை. எல்லை தாண்டிக் கர்நாடகப் பக்கம் இருந்த பைக் கம்பெனியின் சோதனைப் பாதையில் அதை ஓட்டிப் பார்த்தவர், வளைவில் வழக்கம்போலக் கட்டை விரலால் பொத்தானை அமுக்கினார். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினார். பாதையோரம் படுத்திருந்த நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

சீட்டைக் கழற்றினார்கள். உள்ளே, ஜடை பின்னியதுபோல ஓடிய ஒயரிங்கின் நடுவே, கறுப்பு உறை ஒன்றைத் தள்ளிப் பார்த்தால், ஒரு வெள்ளை கனெக்டர் லேசாக வாயைத் திறந்துகொண்டிருந்தது. அதன் லாக், அரிசி அளவு பிளாஸ்டிக் நாக்கு, அமுக்கப்படவே இல்லை. பக்கத்தில் ஊதா மையில் ஒரு முத்திரை.

ஆறு.

அன்று மதியமே அந்த ஒயரிங் ஓசூருக்குத் திரும்பி வந்தது. சிப்காட்டின் பின்பக்கச் சாலையில், அதைச் செய்து அனுப்பிய கம்பெனியின் மேனேஜர் நாராயணப்பனின் மேசைமேல், அடித்துப் போட்ட பாம்பு மாதிரி கிடந்தது.

“யாரு?” என்றார் நாராயணப்பன்.

அவருக்குப் பிடித்த சொல் அது. மோசமான மனிதர் இல்லை. தொழிலாளர் வீட்டுக் கல்யாணம் ஒன்று விடாமல் போவார். பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் தடவை பாயசம் கேட்பார். ஆனால் ஏதாவது உடைந்தால், சிந்தினால், தீய்ந்தால் முதல் கேள்வி அதுதான். யாரு? பதில் ஒரு பெயராக வந்துவிட்டால் அவருக்கு நிம்மதி.

இந்தத் தடவை பெயர் முத்திரையிலேயே இருந்தது. ஆறாம் நம்பர் போர்டு என்றால் சாந்தம்மா.

இரண்டாயிரத்து ஆறு, நவம்பர் மாதம். அந்தக் கம்பெனியின் கடைசிக் கூடத்தில், பள்ளிக்கூடக் கரும்பலகைகளைச் சாய்த்து நிறுத்தியதுபோல வரிசையாகச் செக்கிங் போர்டுகள். முடிந்து வரும் ஒயரிங்கைப் போர்டில் விரித்து மாட்ட வேண்டும். எல்லா கனெக்டரும் சரியாக இருந்தால் மேலே பச்சை விளக்கு. ஒன்று தப்பினாலும் சிவப்பு விளக்கு, காது கிழியும் பஸ்ஸர். பச்சை எரிந்தால் முத்திரை குத்தி அனுப்பலாம். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து ஆறாம் போர்டு சாந்தம்மாவுடையது. தளிப் பக்கத்துப் பெண். வீட்டில் கன்னடம், பஸ்ஸில் தெலுங்கு, கம்பெனியில் தமிழ், கோபம் வந்தால் மூன்றும்.

“தீபாவளிக்கு அப்புறம் இது மூணாவது கம்ப்ளைன்ட்,” என்றார் நாராயணப்பன், கூடத்துக்கே வந்து நின்று. “மூணுமே ஆறாம் நம்பர். ஏம்மா சாந்தம்மா, கண்ணாடி போடும்மான்னு போன வருஷமே சொன்னனா இல்லையா?”

“என் கண்ணுக்கு ஏனு வந்துது சார்? அங்க வாசல்ல நிக்கிற உங்க ஜீப்பு நம்பர படிக்கட்டுமா?”

“ஜீப்பெல்லாம் வேணாம். சனிக்கிழமை பைக் கம்பெனிலேர்ந்து சுபாஷ் வராரு. என்ன பண்ணீங்கன்னு கேப்பாரு. திங்கள்லேர்ந்து நீ பேக்கிங்குக்குப் போயிடு. இங்க வேற ஆளு.”

பேக்கிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. அட்டைப்பெட்டி, டேப்பு, ஸ்டிக்கர், உட்கார்ந்துகொண்டே செய்யலாம். ஆனால் ‘கண்ணு போச்சு’ என்று பேர் வாங்கிக்கொண்டு அங்கே போவது வேறு. சாந்தம்மா வாயைத் திறந்தாள். மூன்று மொழியில் ஒன்றுகூட வெளியே வரவில்லை. அதுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

இரண்டு போர்டு தள்ளி நின்ற மோகனப்ரியா கையைத் தூக்கினாள்.

“சார், இத எங்க தர வட்டத்துக்குக் குடுங்க.”

தர வட்டம் என்றால் ஒரே கூடத்தில் வேலை செய்கிறவர்கள் வாரம் ஒருமுறை கூடி, தங்கள் வேலையில் உள்ள குறையைத் தாங்களே கண்டுபிடித்துத் தாங்களே சரிசெய்யும் குழு. மோகனப்ரியா அதற்குத் தலைவி. பாலக்கோட்டுப் பெண், வாய் கொஞ்சம் நீளம்.

நாராயணப்பன் சிரித்தார். “உங்க மின்னல் தர வட்டம்தானே? இதுவரைக்கும் என்னம்மா கிழிச்சீங்க? தண்ணி டம்ளருக்கு ஒரு ஸ்டாண்டு செஞ்சீங்க.”

“அந்த ஸ்டாண்டு இன்னிக்கு வரைக்கும் ஆடாம நிக்குது சார். உங்க ரூம் நாற்காலி ஆடுது.”

கூடத்தில் யாரோ இருமினார்கள். அது இருமல் இல்லை என்று நாராயணப்பனுக்கும் தெரியும்.

“சனிக்கிழமை வரைக்கும் டைம்,” என்றார். “அதுக்குள்ள வேற காரணம் காட்டு. காட்டலன்னா நான் சொன்னது சொன்னதுதான்.”

2

கான்டீன் மூலையில் ரகசியக் கூட்டம். மேசைமேல் டீ, போண்டா, ஒரு பெரிய சார்ட் பேப்பர். தர வட்டத்துக்குத் துணையாகக் கம்பெனி கொடுத்திருந்த இன்ஜினியர் ஹரீஷ்குமாரும் வந்திருந்தான். பர்கூர் கல்லூரியில் படித்து வந்தவன். டீயை ஆற்றிக் குடிக்கக்கூடப் படம் போட்டுப் பார்ப்பவன்.

“முதல்ல மீன் முள் வரைபடம் போடுவோம்,” என்றான். “தலையில பிரச்சனை. ஒவ்வொரு முள்ளுலயும் ஒரு சந்தேகம்.”

“நான் மீன் தொடறதில்ல,” என்றாள் சாந்தம்மா.

“அக்கா, இது பேப்பர் மீன்.”

“பேப்பர்ல ஆனா ஏனு, மீனு மீனுதானே? இன்னிக்கு சோமவாரம் வேற, விரதம்.”

பேரிகையிலிருந்து வரும் சம்பங்கிதான் படம் வரைகிறவள். அவள் பென்சிலைக் கடித்து யோசித்துவிட்டு, ஒரு தென்னங்கீற்றை வரைந்தாள். நடுவில் மட்டை, இரண்டு பக்கமும் ஓலை. “ஒவ்வொரு ஓலையிலயும் ஒரு சந்தேகம். போதுமா?” சாந்தம்மாவுக்குச் சம்மதம். ஹரீஷ்குமார் தன் பேராசிரியர்களிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான்.

சந்தேகங்கள் மளமளவென்று விழுந்தன. தீபாவளிக்கு அப்புறம் வந்த புது கனெக்டர் லாட் மட்டமோ? எழுது. சாயங்காலம் கரண்ட் இறங்குகிறதே, அதுவோ? எழுது. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் லாக்கை அமுக்காமல் தள்ளிவிடுகிறார்களோ? எழுது.

“ஏட்டி, ஒண்ணு விட்டுட்டியே,” என்றாள் வீரலட்சுமி. ஏழாம் போர்டுக்காரி. கோவில்பட்டியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வந்து எத்தனையோ வருஷம் ஆகியும் பேச்சு மட்டும் ஊரைவிட்டு வரவில்லை. “சாந்தக்கா கண்ணு. அதையும் ஒரு ஓலைல எழுது.”

எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

“என்ன முறைக்கிய? நாம எழுதலன்னா மேனேஜரு எழுதுவாரு. நாம எழுதி, நாமளே அடிச்சாத்தான் அது அடிபடும்.”

சாந்தம்மா அவளை உற்றுப் பார்த்தாள். பிறகு பென்சிலைப் பிடுங்கி, ஒரு ஓலையில் தானே எழுதினாள்: சாந்தம்மா கண். எழுத்து பெரிது பெரிதாக இருந்தது.

“இதை எப்படிக்கா அடிக்கிறது?” என்றாள் சம்பங்கி.

மோகனப்ரியாவுக்கு ஒரு யோசனை வந்தது. வந்தவுடன் போண்டாவைப் பாதியில் வைத்துவிட்டாள். அவள் அப்படி வைப்பது அபூர்வம்.

“நாளைக்கு ஒரு நாள் நீங்க ரெண்டு பேரும் இடம் மாறுங்க. சாந்தக்கா ஏழாம் போர்டு. வீரா ஆறாம் போர்டு. செக் ஆன எதையும் அனுப்ப வேணாம். ஓரமா வெச்சு, டீ டைம்ல நாமளே ஒண்ணொண்ணா உறையைப் பிரிச்சுப் பார்ப்போம். தப்பு அக்கா கூட நடந்து வருதா, இல்ல அங்கயே உக்காந்திருக்குதான்னு தெரிஞ்சிடும்.”

ஹரீஷ்குமார் டீயை ஆற்றுவதை நிறுத்தினான். “சூப்பர்ங்க,” என்றான்.

3

மறுநாள் சாயங்கால டீ. கூடத்தின் மூலையில் எல்லோரும் குந்தி உட்கார்ந்திருந்தார்கள். சாந்தம்மா செக் செய்த ஒயரிங் குவியல் ஒரு பக்கம். வீரலட்சுமியுடையது ஒரு பக்கம்.

சாந்தம்மாவின் குவியலை முதலில் பிரித்தார்கள். கனெக்டர்மேல் இழுத்து மூடியிருக்கும் கறுப்பு உறையைத் தள்ளினால்தான் லாக் தெரியும். தள்ளினார்கள். அமுங்கியிருந்தது. அடுத்தது. அமுங்கியிருந்தது. அடுத்தது. குவியல் முழுக்கச் சுத்தம்.

சாந்தம்மா மூச்சு விட்டாள்.

வீரலட்சுமியின் குவியல். நன்று. நன்று. நன்று. பாதி தாண்டியது. சம்பங்கி ஒன்றை எடுத்து உறையைத் தள்ளினாள். தள்ளியவள் அசையவில்லை.

லாக் திறந்திருந்தது.

“என்னுதா!” வீரலட்சுமி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். “நானா அனுப்புனேன்? பச்சை எரிஞ்சுதுட்டி! எங்க ஊரு அம்மன் மேல சத்தியமாப் பச்சை எரிஞ்சுது!”

“கண்ணாடி போடும்மான்னு சொன்னனா இல்லையா?” என்றாள் சாந்தம்மா, நாராயணப்பன் குரலில்.  குந்தி உட்கார்ந்திருந்த கும்பல் அப்படியே சாய்ந்து விழுந்து சிரித்தது. வீரலட்சுமிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள்.

மோகனப்ரியா மட்டும் எழுந்து ஆறாம் போர்டுக்கு ஓடினாள். திறந்த லாக்கோடு அந்த ஒயரிங்கை விரித்து மாட்டினாள்.

பச்சை.

கழற்றி ஏழாம் போர்டில் மாட்டினாள். சிவப்பு! பஸ்ஸர் அலறியது.

மறுபடி ஆறு. பச்சை, சாதுவாக, ஒன்றும் தெரியாததுபோல.

“திருட்டு போர்டு,” என்றாள் மோகனப்ரியா. “பொய் சொல்லுது.”

4

குற்றவாளியின் வீடு தெரிந்துவிட்டது. ஆளைத்தான் காணவில்லை.

போர்டின் நடுவில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கறுப்புக் கண் உண்டு. சென்சார். அந்தச் சந்தேகக்கார கனெக்டர், உறையின் அடியில் உள்ள ஊசித் துளை நேராக வரும்படி, சரியாக அதன்மேல் வந்து உட்காரும். கண் ஒரு சின்ன வெளிச்சத்தை விடும். அமுங்கிய லாக்கில் பட்டு வெளிச்சம் திரும்பி வந்தால் பச்சை. லாக் திறந்திருந்தால் வெளிச்சம் திரும்பாது, சிவப்பு. கைக்கும் கண்ணுக்கும் எட்டாத லாக்கைப் பார்ப்பதற்காகவே வைத்தது.

புதனும் வியாழனும் முழுக்க ஹரீஷ்குமார் அந்தப் போர்டோடு மல்லுக்கட்டினான். பின்பக்கத்தைத் திறந்தான். ஒயரை மாற்றினான். ரிலேயை மாற்றினான். ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றி மாட்டினான். மோகனப்ரியா டார்ச் பிடித்தாள். சம்பங்கி ஸ்பிரிட்டும் துணியும் எடுத்துக் கொடுத்தாள். மாட்டிப் பார்த்தால், பச்சை. புது சென்சார் புனேயிலிருந்து வர வேண்டும், சனிக்கிழமைக்குள் வராது.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரம். ஹரீஷ்குமார் தரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். சட்டையெல்லாம் கிரீஸ்.

“இதுக்குமேல பண்ண ஒண்ணுமில்லைங்க. எல்லாத்தையும் பிரிச்சாச்சு. எல்லாத்தையும் மாத்தியாச்சு. எல்லாத்தையும் துடைச்சாச்சு.”

“சென்சாரையுமா துடைச்சீங்க?” என்றாள் மோகனப்ரியா, சும்மா கேட்க வேண்டுமே என்று.

“துடைச்சேனே. சுத்தி நல்லா ஸ்பிரிட் போட்டு, பொட்டு அழியாம...”

நிறுத்தினான்.

எல்லோரும் போர்டைப் பார்த்தார்கள். கறுப்புக் கண்ணின்மேல், அச்சு வைத்தாற்போல நட்ட நடுவில், காய்ந்த சந்தனமும் அதன்மேல் குங்குமமும். ஆயுத பூஜைக்கு வைத்த பொட்டு.

தினமும் பார்த்ததுதான். கூடத்தில் எதில்தான் பொட்டு இல்லை? போர்டில், மின்விசிறி சுவிட்சில், தண்ணீர் மோட்டாரில், வருகை அட்டை குத்தும் இயந்திரத்தில்கூட உண்டு. காலையில் துடைக்கிறவர்கள் எல்லாவற்றையும் பளபளவென்று துடைப்பார்கள். பொட்டைச் சுற்றிக்கொண்டு போவார்கள். வைத்த பொட்டை அழிக்கிறதா? தானாக உதிரும் வரைக்கும் இருக்கட்டும். அது அழுக்கு இல்லையே. அதனால் தென்னங்கீற்றில் எந்த ஓலையிலும் அது ஏறவில்லை. இன்ஜினியர் ஸ்பிரிட் துணியோடு அதைச் சுற்றி வந்தான். தலைவி டார்ச்சோடு சுற்றி வந்தாள். ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

“வெளிச்சம் பொட்டுல பட்டே திரும்பிடுது,” என்றான் ஹரீஷ்குமார் மெதுவாக. “லாக் இருந்தாலும் பச்சை. இல்லாட்டியும் பச்சை. கண்ணைக் கட்டிட்டு ‘ஆள் இருக்கு, ஆள் இருக்கு’ன்னு சொல்லிட்டிருக்கு.”

“அப்போ துடைங்க.”

யாரும் நகரவில்லை.

“நீங்க துடைங்க சார். படிச்சவரு.”

“எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா சோறு போடமாட்டாங்க.”

“வீரா, நீ?”

“வெள்ளிக்கிழமையும் அதுவுமாவா? ஆள விடுட்டி!”

“நான் படம் வரையறதோட சரி,” என்று சம்பங்கி பின்வாங்கினாள்.

சாந்தம்மா சாப்பாட்டுக் கையை அலம்பிவிட்டு வந்தாள். “நகருங்க எல்லாரும். என் போர்டு. என் பொட்டு. துடைக்கணும்னு யாரு சொன்னா? எடம் மாத்துனா போதும்.” ஈர விரலைக் கண்ணின்மேல் வைத்து, குங்குமத்தையும் சந்தனத்தையும் பதமாக வழித்தெடுத்தாள். வழித்ததைப் போர்டின் மேல்சட்டத்தில், விளக்குக்குக் கீழே, வட்டமாக வைத்தாள். “கோவிச்சுக்காதே தாயி. இங்க காத்து நல்லா வரும்.” கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மிச்சத்தை ஹரீஷ்குமார் ஸ்பிரிட்டால் சுத்தம் செய்தான்.

மோகனப்ரியா திறந்த லாக் ஒயரிங்கை மாட்டினாள்.

சிவப்பு!

பஸ்ஸர் அலறிய அலறலில் பேக்கிங் பகுதியிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். வந்து பார்த்தால், நான்கு பெண்களும் ஒரு இன்ஜினியரும் தப்பான ஒயரிங்குக்கு முன்னால் குதித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒரு நிமிஷம்,” என்றான் ஹரீஷ்குமார், குதிப்பதை நிறுத்தி. “ஆறாம் போர்டுல மட்டும் ஏன் கண்ணுலயே பொட்டு? மத்த போர்டுலல்லாம் ஓரமாத்தானே இருக்கு?”

“மத்ததுக்கெல்லாம் நாங்கதான வெச்சோம்,” என்றாள் வீரலட்சுமி. “எங்களுக்குக் கண்ணு எங்க இருக்குன்னு தெரியும். ஆறாம் போர்டுக்கு மட்டும் முதல் பொட்டு, மரியாதைக்கு...”

அவளும் நிறுத்தினாள்.

பட்டு வேட்டி. மோதிர விரல். நெற்றி மாதிரி நட்ட நடுவாகத் தெரிந்த இடம் பார்த்து, கண்ணை மூடிக்கொண்டு, பக்தியோடு பொட்டு வைத்தது யாரென்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது.

“அய்யய்யோ,” என்றாள் சம்பங்கி.

5

சனிக்கிழமை. கருத்தரங்கு அறை. ஒரு பக்கம் நாராயணப்பன். அவர் பக்கத்தில் பைக் கம்பெனியின் சுபாஷ், இளம் வழுக்கை, கையில் மூடாத பேனா. சுவரில் தென்னங்கீற்று.

அறைக்குள் நுழையும் முன்பே ஹரீஷ்குமார் மோகனப்ரியாவை ஓரம் கட்டியிருந்தான்.

“ஒரு குறைக்கு அடுத்தடுத்து அஞ்சு தடவை ‘ஏன்’ கேட்டுக்கிட்டே போகணும்ங்கிறது முறைதான். ஆனா இன்னிக்கு நாலோட நிறுத்திடுங்க. ‘கண்ணைப் பொட்டு மறைச்சுது’. அவ்வளவுதான். அஞ்சாவதுக்குப் போகாதீங்க. போனா அவரு வந்துடுவாரு.”

“நாலோட நிறுத்துனா சாந்தக்கா தப்பிச்சிடுவாங்களா?”

“தப்பிச்சிடுவாங்க. அவரும் தப்பிச்சிடுவாரு. எல்லாரும் வீட்டுக்குப் போயிடலாம்.”

எனவே மோகனப்ரியா நாலோடு நிறுத்தினாள். ஏன் ஹாரன் அடிக்கவில்லை? லாக் அமுங்கவில்லை. ஏன் அது வெளியே போனது? போர்டு பச்சை காட்டியது. ஏன் காட்டியது? கண் மறைந்திருந்தது. ஏன் மறைந்தது? பொட்டு. ஆட்களை இடம் மாற்றிப் பார்த்தது, திறந்த லாக்கை மாட்டிப் பார்த்தது எல்லாம் சொன்னாள். சாந்தம்மா கண் என்ற ஓலையைச் சிவப்புப் பேனாவால் அழுத்தி அடித்தாள். “அக்கா மேல தப்பு இல்ல சார். நன்றி.”

சுபாஷ் கை தட்டப் போனார்.

“இரும்மா,” என்றார் நாராயணப்பன். “அஞ்சாவது எங்க?”

ஹரீஷ்குமார் கண்ணை மூடிக்கொண்டான்.

“அஞ்சு ஏன் கேக்கணும்னு உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானே? நாலுல நிறுத்துனா அது அரை வேக்காடு. சொல்லு. பொட்டு ஏன் போயி கண்ணுமேல விழுந்துது?”

“பொட்டு எங்க வெக்கணும்னு நம்ம கம்பெனில எங்கயும் சொல்லல சார்,” என்றாள் மோகனப்ரியா. “துடைப்பத்துக்கு இடம் இருக்கு. ஸ்பேனருக்கு நிழல் வரைஞ்சு வெச்சிருக்கோம். பொட்டுக்குத்தான் இடம் இல்ல. அதனால வெக்கிறவங்க கைக்குத் தோணுன இடத்துல வெச்சுட்டாங்க.”

நல்ல பதில். சுபாஷ்கூடத் தலையாட்டினார். ஆனால் நாராயணப்பனுக்குப் பழக்கம் விடவில்லை.

“வெக்கிறவங்கன்னா? யாரு?”



“கஸ்டமர் உக்காந்திருக்காரு. ஒளிச்சு மறைச்சுப் பேசக் கூடாது. சென்சார் மேல பொட்டு வெக்கிற அளவுக்கு விவரம் இல்லாத ஆளு யாரு? பேரைச் சொல்லு. திங்கள்லேர்ந்து அந்த ஆளு பேக்கிங்.”

மோகனப்ரியா சிவப்புப் பேனாவை மூடித் திறந்தாள். சம்பங்கி தென்னங்கீற்றை ஆராய்ந்தாள். வீரலட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. பேர் சொல்லாவிட்டால் இந்த மனிதர் விடமாட்டார். சுபாஷ் முன்னால் முழுசாகச் சந்தேகம் தீராமல், ஆறாம் போர்டுக்கு மறுபடி ‘வேற ஆளு’ என்பார். சொன்னாலோ...

நாற்காலி நகரும் சத்தம். சாந்தம்மா எழுந்து நின்றாள்.

“சார், பூஜை அன்னிக்கு நீங்க பட்டு வேட்டி கட்டிருந்தீங்க. பச்சை பார்டரு. சென்னாகி, ரொம்ப அழகா இருந்துது.”

“அதுக்கும் இதுக்கும் என்னம்மா...”

“பூசணிக்கா உடைச்சோம். அப்புறம் முதல் பொட்டு வெக்க உங்களைக் கூப்பிட்டோம். நீங்க என் போர்டுகிட்டதான் முதல்ல வந்தீங்க. எனக்கு எவ்ளோ சந்தோசம் தெரியுமா?”

நாராயணப்பன் ஏதோ சொல்ல வந்தார். வந்தது நின்றது. மெல்லத் தன் வலது கையைத் திருப்பி மோதிர விரலைப் பார்த்தார். அதில் இன்னும் குங்குமம் ஒட்டியிருப்பதுபோலப் பார்த்தார்.



முதலில் அசைந்தது சுபாஷ். அவர் சிரிக்கவில்லை. அவசர அவசரமாகச் செல்போனை எடுத்தார். “ஹலோ? நான்தான். இப்பவே நம்ம அசெம்ப்ளி லைனுக்குப் போங்க. எல்லா சென்சாரையும் பாருங்க... எதுக்கா? பொட்டு இருக்கான்னு பாருங்கய்யா!... ஆமா, பொட்டு! நெத்தியில வெக்கிற பொட்டு!... சிரிக்காம போய்ப் பாரு!”

வீரலட்சுமியால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. முந்தானையை மீறி வெடித்தது. சம்பங்கி சுவரில் சாய்ந்தாள். ஹரீஷ்குமார் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். நாராயணப்பன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பிறகு அவர் தொப்பை குலுங்க ஆரம்பித்தது.

“அட கடவுளே,” என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “விவரம் இல்லாத ஆளுன்னு வேற சொல்லிட்டேன்.”

எழுந்துபோய் ஸ்கெட்ச் பேனாவை எடுத்தார். ஐந்தாவது ஏனுக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதினார்: நாராயணப்பன்.

மோகனப்ரியா ஒயிட்னரை எடுத்து வந்து அதன்மேல் தடவினாள். “பேரு வேணாம் சார். பேர எழுதினா பொட்டு வெக்க அடுத்த வருஷம் யாரும் வரமாட்டாங்க. எங்க வெக்கணும்னு மட்டும் எழுதுவோம்.”

அவர் ஸ்கெட்ச் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

“அப்போ என் பேக்கிங் டூட்டி?”

“வர்றதானா வாங்க சார்,” என்றாள் சாந்தம்மா. “அங்க டீ முதல்ல வரும்னு சொல்றாங்க. ஆனா நான் வரமாட்டேன். எனக்கு வேலை இருக்கு.”

6

திங்கட்கிழமைக் காலை கூடத்துக்குள் நுழைந்தவர்கள், எல்லா இயந்திரத்தின் நெற்றியிலும் எட்டணா அளவு வட்டத் தகடு ஒன்று ஒட்டியிருப்பதைப் பார்த்தார்கள். பொட்டுக்கான இடம். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வந்து ஹரீஷ்குமாரே வெட்டி ஒட்டியது. தகடு கிழக்கு பார்க்கவில்லை என்று வீரலட்சுமி சண்டை போட்டு, மூன்று போர்டுகளில் இடம் மாற்ற வைத்தாள். பித்தளையாக இருந்திருக்கலாம் என்று சம்பங்கி சொன்னாள். கடைசல் பகுதி ஆண்கள் தங்களுக்கு ஏன் முதலில் ஒட்டவில்லை என்று கேட்டு வந்தார்கள். சாம்பாரைத் திட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டு வந்த யோசனைப் பெட்டியில் அன்று மதியத்துக்குள் காகிதம் திணிக்க இடமில்லை.

இன்னொரு புதுப் பழக்கமும் அன்றுதான் தொடங்கியது. வேலை ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு போர்டிலும் திறந்த லாக் உள்ள ஒயரிங் ஒன்றை மாட்டிப் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்தால்தான் அந்தப் போர்டு அன்றைக்கு வேலைக்கு லாயக்கு. மோகனப்ரியா குழுவின் யோசனை. நாராயணப்பன் நேரில் வந்து நின்றார்.

“முதல்ல யாரு?” என்று கேட்டவர், நாக்கைக் கடித்துக்கொண்டார். “அதாவது... எந்த போர்டு?”

“ஆறு!” என்று கூடமே கத்தியது.

சாந்தம்மா முந்தானையை இழுத்துச் செருகினாள். கண்ணாடி போடவில்லை. தப்பான ஒயரிங்கை எடுத்து, மாப்பிள்ளைக்கு மாலை போடும் ஜாக்கிரதையோடு, கொக்கி கொக்கியாக மாட்டினாள். கடைசிக் கொக்கியில் அவள் கை ஒரு கணம் தயங்கியது.

மாட்டினாள்.

சிவப்பு!

பஸ்ஸர் கூடத்தைத் தூக்கிப் போட்டது. அதற்கு மேல் எழுந்தது கைதட்டல். ஒரு ஒயரிங் தப்பு என்று விளக்கு சொன்னதற்காக ஒரு தொழிற்சாலை எழுந்து நின்று கை தட்டியது. வீரலட்சுமி விசிலடித்தாள். நாராயணப்பன் காதைப் பொத்திக்கொண்டே தட்ட முயன்று தோற்றார்.

“சரி சரி, நின்னது போதும்,” என்று சாந்தம்மா தப்பானதைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு, அன்றைய முதல் ஒயரிங்குக்குக் கை நீட்டினாள். “குடுங்கம்மா. லைன் ஓடட்டும்.”